பூனைக்குச் சடை எடுக்க வீட்டுக்கே வருகிறேன் என்பவர்கள்: கொஞ்சம் உஷார்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பெர்சியன் பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் போன் போடுங்கள். "வீட்டுக்கே வந்து க்ரூமிங், எவ்வளவு சடை இருந்தாலும் 800 ரூபாய்தான்" என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆளிடம் எங்கள் பூனை லட்டுவைக் கொடுத்தோம். போனது 2,600 ரூபாய். கூடவே லட்டுவின் வலது அக்குளில் ஒரு கிழிசல், தையல் போடுகிற அளவுக்கு. புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பெயர் தேவையும் இல்லை, ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி செய்கிற ஆள் இவர் ஒருவர் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

லட்டுவுக்கு வயது ஒன்பது, உடம்பும் கொஞ்சம் கனம். பெர்சியனுக்கு மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. அந்த அடிமுடி உதிரும்போது கீழே விழாமல் நீள முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதை நக்கி எடுத்துவிடுவதுதான் பூனையின் வேலை. வயசான, குண்டான பூனைக்கு முதுகும் தொடையும் எட்டாது. கடல் காத்தும் ஈரமும் இருக்கிற நம் ஏரியாவில் மழைக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், கையை உள்ளே விட்டால் காதுக்குப் பின்னால், அக்குளில், பின்தொடையில் முடி சிக்கிக் கட்டிகட்டியாகத் தட்டுப்படும், அதுதான் சடை.

வந்தவர் பையைத் திறந்தார். ஆண்கள் தாடிக்குப் போடுகிற சாதாரண ட்ரிம்மர் ஒன்று, ஒரு நீளக் கத்தரிக்கோல், லேபிளே இல்லாத பாட்டிலில் ஏதோ ஷாம்பு. முதல் வேலையாக பக்கெட்டில் தண்ணீர் கேட்டார். "முதல்ல சிக்கெடுத்துட்டு அப்புறம் குளிப்பாட்டலாமே தம்பி" என்று அம்மா சொன்னதற்கு, "ஆன்ட்டி, நனைஞ்சாதான் சாஃப்டா வரும், நாங்க டெய்லி பண்றோம்" என்றார். அம்மா சொன்னதுதான் சரி. நீளமாக முடி வளர்த்த யாருக்கும் தெரிந்த விஷயம்தானே இது. சடையோடு நனைத்தால் காயும்போது அது இன்னும் இறுகித் தோலை இழுக்கும், உள்ளே ஈரம் தங்கிப் புண்ணும் வரும்.

ஈர முடியில் தாடி ட்ரிம்மர் நாலு இழுப்பிலேயே சிக்கி நின்றுவிட்டது. லட்டு கத்த ஆரம்பித்தது. உடனே அந்த ஆள், "ஒரு ஊசி போட்டா அமைதியாயிடும், நம்மகிட்டயே இருக்கு, 400 ரூபா தனி" என்றார். என்ன ஊசி என்று கேட்டேன், பதில் இல்லை. "எங்க டீம்ல டாக்டர் இருக்காரு சிஸ்டர்" என்றார். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டேன், பேச்சை மாற்றினார். ஊசி வேண்டவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பெர்சியனுக்கு மூக்கு சப்பை, மூச்சுப் பாதை குறுகல், மயக்க மருந்து கொடுத்தால் மற்றப் பூனைகளைவிட ஆபத்து அதிகம். எடை பார்த்து, இதயத் துடிப்பு பார்த்து, மூச்சைக் கவனிக்க ஆள் வைத்துக்கொண்டு மருத்துவமனையில் செய்கிற வேலை அது. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்க முடியும். பக்கெட்டும் பையுமாக வருகிறவர் ஊசியை எடுத்தாலே வாசலைக் காட்டிவிடுங்கள்.

ஊசி இல்லை என்றதும் கத்தரிக்கோல் வெளியே வந்தது. பூனையின் தோல் ரொம்ப மெல்லிசு, தளர்வாகவும் இருக்கும். சடையைப் பிடித்துத் தூக்கினால் அடியில் இருக்கிற தோலும் கூடாரம் மாதிரி சேர்ந்து எழும்பி வரும். முடிக்குள் எது தோல், எது சடை என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பூனைச் சடையில் கத்தரிக்கோலே வைக்கக்கூடாது என்கிறார்கள். இவர் அக்குள் சடையைத் தூக்கினார், வெட்டினார், லட்டு ஒரு கத்து கத்திப் பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"சின்ன கீறல்தான், மஞ்சள் வைங்க" என்றார். அடுத்து சொன்னதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்: "வலிக்குதுன்னா பாரசிட்டமால் பாதி மாத்திரை பாலில் கரைச்சுக் கொடுங்க." தயவுசெய்து யாரும் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமாலை உடைக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ரத்தத்தால் ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, மூச்சு முட்டும். பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். தினமும் செய்கிறேன் என்கிற ஆளுக்கு இது தெரியவில்லை.

அப்புறம் பில். 800 ரூபாய் "பேசிக்" மட்டுமாம். சடை ஒன்றுக்கு 100 தனி, எத்தனை சடை என்பதை அவரே எண்ணுவார். தொடையில் இருந்த ஒரே சடையை நாலு துண்டாக வெட்டிவிட்டு நாலுக்கும் காசு போட்டார். போகும்போது இடது பக்கமாகப் பூனையை நிறுத்தி ஒரு போட்டோ. அடுத்த நாள் ஸ்டேட்டஸில் "ஹேப்பி கஸ்டமர்" என்று லட்டு சிரிக்கிறது. வலது பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது.

மறுநாள் காலையிலேயே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு, ஆனால் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். காயத்தைச் சுற்றி முடியை எடுத்து, கழுவி, தையல் போட்டு, கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டார். அவர் முதலில் கேட்டது என்ன ஷாம்பு போட்டார்கள் என்பதுதான். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலதில் பெர்மெத்ரின் இருக்குமாம், பூனைக்கு அது விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும். லேபிள் இல்லாத பாட்டில் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் லட்டுவின் வாயைத் திறந்து காட்டினார், ஈறு சிவந்து வீங்கியிருந்தது. வாய் வலித்தால் பூனை உடம்பை நக்குவதைக் குறைத்துவிடும், மூட்டு வலி இருந்தாலும் அப்படித்தான், திடீரென்று சடை பிடித்தால் முடியை மட்டும் பார்க்காதீர்கள் என்றார். இதை எந்த க்ரூமரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மிச்ச சடைகளை வீட்டிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம். சின்னதாக இருப்பதில் சோள மாவைத் தூவி, விரலால் பிரித்து, சடையின் அடிப்பக்கத்தைத் தோலை ஒட்டி விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து ஆரம்பித்து சீப்பு போடுகிறார் அம்மா. அடியைப் பிடித்துக்கொள்வதால் தோல் இழுபடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல் லட்டுவும் உட்காராது, அம்மாவும் உட்காரமாட்டார். சீப்பே நுழையாத சடைக்கு ஒரே வழி விலங்குகளுக்கான கிளிப்பர்தான், 10-ஆம் நம்பர் பிளேடு, அதுவும் பழகிய கை வேண்டும். பிளேடு ஓட ஓட சூடேறும், நடுநடுவே தன் கையில் வைத்துப் பார்க்காத ஆளிடம் பூனையைக் கொடுக்காதீர்கள். போனிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்: சடையை எதால் எடுப்பீர்கள், குளிப்பாட்டுவது முன்னாடியா பின்னாடியா, மொத்தம் எவ்வளவு. மொத்தத் தொகையை மெசேஜில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நேர்ல பாத்துதான் சொல்ல முடியும்" என்றால் ஒரு போட்டோ அனுப்புங்கள், அதற்கும் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, 800 என்று போட்ட ஸ்டேட்டஸின் ஸ்க்ரீன்ஷாட், தையல் போட்ட சீட்டு மூன்றும் கையில் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அந்த ஆள் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்கினால் 1,000 ரூபாய் திருப்பித் தருகிறேன் என்றார். 2,600-ம் மருத்துவச் செலவும் வந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. ஸ்டேட்டஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது 700 ரூபாயாம்.