மொவெட்டா, கிளிக்கோவா: எந்த நிலவறைக்குப் போகலாம்?

மொவெட்டும் வவ் கிளிக்கோவும் பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் ஷாம்பெய்ன் மது தயாரிக்கும் நிறுவனங்கள்; மதுவைச் சேமிக்கும் நிலவறைகளைச் சுற்றிப் பார்க்கலாம். அங்கே ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு:

தொடக்கம்: மொவெட் 1743, எபெர்னே ஊர். வவ் கிளிக்கோ 1772, ரெய்ம்ஸ்.

நிலவறை: மொவெட்டில் 28 கிலோமீட்டர் சுரங்கம். கிளிக்கோவில் பழைய சுண்ணாம்புக்கல் குழிகள்.

கதை: மொவெட்டுக்கு நெப்போலியனின் நட்பு. கிளிக்கோவுக்கு அந்தக் குடும்பத்து மருமகள் பார்ப்-நிக்கோல். 1805இல் கணவர் இறந்தபோது அவருக்கு 27 வயதுதான்; தொழிலைத் தானே ஏற்று நடத்தினார். 1816இல் துளையிட்ட மேஜை ஒன்றைச் செய்யவைத்தார். அதில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பினால் வண்டல் கழுத்துக்கு இறங்கிவிடும். மது பளிச்சென்று தெளியும். என் மனம் நிற்பது இங்கேதான்.

பயணம்: பாரிஸிலிருந்து ரெய்ம்ஸுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்; எபெர்னேவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால்.

பிரமாண்டம் வேண்டுமா, மொவெட். நேரமும் குறைவு, கதையும் வேண்டும் என்றால் கிளிக்கோ. அப்புறம், முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.