டாஹோ ஏரியில் டிரெய்லர் கேம்பிங்: ஃபாலன் லீஃபா, ஷுகர் பைனா, ஸெஃபிர் கோவா?

கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரிக்கு டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டும் வீட்டு வண்டி, இழுத்துக்கொண்டு போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "அங்கே ஹுக்கப் இருக்கா?" என்றுதான். கரண்ட், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் இருந்தால் நல்ல இடம், இல்லாவிட்டால் சுமாரான இடம் என்று ஒரு கணக்கு. வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு அது சரி. கடல்மட்டத்திலிருந்து 6,225 அடி உயரத்தில் இருக்கிற ஏரிக்கு அது அப்படியே பொருந்தாது. ஹுக்கப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க முக்கியக் காரணமே ஏசிதான். டாஹோவில் ஜூலை மாதத்துப் பகலே 26, 27 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது குறைவு. இரவில் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஏசிக்கு அங்கே வேலையே இல்லை, ஹீட்டருக்குத்தான் வேலை. அந்த ஹீட்டரோ பெரும்பாலான டிரெய்லர்களில் புரொப்பேன் வாயுவில் ஓடுவது.

அதனால் இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்டது மூன்று இடங்கள். தென்கரையில் வனத்துறையின் ஃபாலன் லீஃப், மேற்குக்கரையில் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காவான ஷுகர் பைன் பாயின்ட், கிழக்கே நெவாடா எல்லைக்குள் இருக்கும் ஸெஃபிர் கோவ். முதல் இரண்டிலும் ஹுக்கப் கிடையாது. மூன்றாவதில் எல்லாம் உண்டு.

அதற்கு முன்னால் ஒரு இடத்தைக் கழித்துவிடலாம். டாஹோவின் அழகான கடற்கரை போன்ற மணற்பரப்பு எங்கே என்று தேடினால் டி.எல். பிளிஸ் மாநிலப் பூங்கா முதலில் வரும். படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே டிரெய்லருக்கு உச்ச வரம்பு 15 அடி. கண்ணீர்த்துளி வடிவத்தில் வருகிற சின்னப் பெட்டிகள்தான் நுழையும். குடும்பத்தோடு தூங்குகிற அளவு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அங்கே காரில் போய்க் குளித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

நீளம்தான் முதல் கேள்வி

ஷுகர் பைன் பாயின்டில் டிரெய்லருக்கு 26 அடி வரைதான் அனுமதி. ஃபாலன் லீஃபில் சில இடங்கள் 40 அடி வரை தாங்கும், ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. முன்பதிவு செய்யும்போது ஒவ்வொரு இட எண்ணுக்கும் தனியாகப் போட்டிருக்கும் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஸெஃபிர் கோவில் பஸ் அளவு வீட்டு வண்டியான பெரிய மோட்டார்ஹோமே வந்து நிற்கிறது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டிரெய்லரின் மாடல் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் அறையின் நீளத்தைத்தான் ஒட்டி வைக்கப்படுகிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியையும் பின் பம்பரையும் சேர்த்தால் மூன்று நான்கு அடி கூடிவிடும். 24 என்று பெயரில் போட்டிருப்பதை 26-க்குள் வரும் என்று நம்பிப் போனால் வாசலிலேயே சிக்கல். டேப் வைத்து நீங்களே அளந்துவிடுவது நல்லது.

எடையும் இதோடு சேர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடம் அதிகம் இருப்பது மினிவேனும் டெஸ்லா மாடல் ஒய்யும்தான். சியன்னா, ஒடிஸி, மாடல் ஒய் மூன்றும் இழுக்கக்கூடிய உச்சம் 3,500 பவுண்டு. இருபது அடியைத் தாண்டிய டிரெய்லரில் தண்ணீரும் அரிசி மூட்டையும் ஏற்றினால் பலவும் அந்த எல்லையைக் கடந்துவிடும். ஹைப்ரிட் அல்லாத டொயோட்டா ஹைலேண்டர் போன்ற 5,000 பவுண்டு இழுக்கும் வண்டி இருந்தால் மூச்சுவிடலாம். மலையில் ஏறும்போது காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதச் சக்தியை இழக்கும். மின்வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் டிரெய்லர் மாட்டினால் ஓடும் தூரம் பாதியாகக் குறையலாம். பல சார்ஜர்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் வண்டியைச் செருக முடியும்.

எந்த வழியாகப் போவது

ஃபாலன் லீஃபுக்கும் ஸெஃபிர் கோவுக்கும் சாக்ரமென்டோவிலிருந்து 50-ஆம் நெடுஞ்சாலை. எக்கோ கணவாயில் 7,380 அடி வரை ஏறி, அப்புறம் ஏரிப்பக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. கீழ் கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தத் தெரியாதவர் டிரெய்லரோடு அந்த வழியில் வரவே கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியிலேயே சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஷுகர் பைனுக்கு 80-ஆம் நெடுஞ்சாலையில் டானர் கணவாய் தாண்டி, டிரக்கி ஊரில் இறங்கி, 89-ஆம் சாலையில் ஆற்றோரமாக டாஹோ சிட்டி போய்த் தெற்கே திரும்ப வேண்டும். தூரம் கொஞ்சம் கூட, ஆனால் சாலை அகலம், இழுவை வண்டிக்கு இதமானது. பழக்கமில்லாதவர்களுக்கு நான் 80-ஐத்தான் சொல்வேன். எந்த வழியானாலும் கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். கூகுள் காட்டும் நேரத்தை நம்பி மதியச் சாப்பாட்டை அங்கே போய்ச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

செய்யக்கூடாதது ஒன்று: மேற்குக்கரையிலிருந்து தென்கரைக்கு எமரால்ட் பே வழியாக டிரெய்லரோடு கடப்பது. கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் தடுப்பில்லாத இடங்கள், நடுச்சாலையில் கார் நிறுத்திப் படம் எடுப்பவர்கள். எமரால்ட் பே பார்க்காமல் டாஹோ போன திருப்தி வராது, சரிதான். டிரெய்லரை முகாமில் கழற்றி வைத்துவிட்டு விடியற்காலையில் காரில் போங்கள்.

கரண்ட் இல்லாமல் ஓடுமா?

ஓடும், ஒரு கணக்கோடு. ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும் சூடான காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. அது ஏழு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 28 ஆம்பியர்-மணி போய்விடும். விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து நாற்பதைத் தொடும். டிரெய்லரோடு இலவசமாக வருகிற ஈய பேட்டரி பெரும்பாலும் எண்பது ஆம்பியர்-மணி, அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக ஓர் இரவு தாராளம், இரண்டாவது இரவில் விடியற்காலை ஹீட்டர் நின்றுவிடும். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு எழுவார்கள். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போட்டால் இரண்டு இரவு நிம்மதி, இரண்டு போட்டால் நீண்ட வார இறுதி முழுக்க. ஸெஃபிர் கோவில் சில முறை தங்கும்போது கொடுக்கும் கூடுதல் காசில் இந்தப் பேட்டரியே வந்துவிடும்.

சூரியத்தகடு இருக்கிறதே என்றால், ஃபாலன் லீஃபில் அது கை கொடுக்காது. உயர்ந்த பைன் மரங்களின் நிழல்தான் அந்த இடத்தின் சுகமே. நீளமான வயரோடு தரையில் விரிக்கும் தகடு இருந்தால் வெயில் விழும் துண்டைத் தேடி நகர்த்திக்கொண்டே இருக்கலாம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: இந்த உயரத்தில் அதன் சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு உண்டு. மாநிலப் பூங்காக்களில் காலை பத்து முதல் இரவு எட்டு வரைதான். பேட்டரியை நிரப்பப் போதும், ராத்திரி முழுக்க ஓட்ட நினைத்தால் பக்கத்து இடத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

சமையல் விஷயம் தனி. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும், சோறும் நடுவில் அரிசியாக நிற்கக்கூடும். விசில் குக்கரை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். கேஸ் அடுப்பில் குக்கர் வைத்தால் மூன்று இடமும் ஒன்றுதான். மின்சாரக் குக்கரும் இண்டக்‌ஷனும்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸெஃபிர் கோவைத் தவிர வழியில்லை.

தண்ணீரும் கழிவும்தான் ஹுக்கப் இல்லாத இடத்தின் நிஜமான தொல்லை. நாலு பேர் குடும்பத்தில் முதலில் நிரம்புவது பாத்திரம் கழுவும் தண்ணீர் சேரும் தொட்டி, கழிவறைத் தொட்டி அல்ல. முப்பது கேலன் தொட்டி இரண்டே நாளில் வழியும், டிரெய்லருக்குள்ளேயே குளித்தால் ஒரே நாளில். ஃபாலன் லீஃபிலும் ஷுகர் பைனிலும் பொதுக் குளியலறை இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் மூன்று நாள் தாக்குப் பிடிக்கலாம். சாம்பார்ச் சட்டி கழுவிய தண்ணீர்தானே என்று மரத்தடியில் திறந்துவிடக் கூடாது. அபராதம் மட்டுமல்ல விஷயம். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர் முழுவதையும், சுத்திகரித்த பிறகும்கூட, மலை தாண்டி வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். 1969-இல் கலிஃபோர்னியா போட்ட நீர்ச்சட்டம் தன் பக்கத்தில் அப்படிக் கட்டாயப்படுத்தியது. 1968-இல் இந்த ஏரியில் நூறு அடி ஆழம் வரை, தண்ணீரின் தெளிவை அளக்க இறக்கும் வெள்ளைத் தட்டு கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது அறுபது எழுபது அடிதான். நம்ம வீட்டு எண்ணெய் கலந்த தண்ணீர் போக வேண்டிய இடம், தொட்டிக் கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷன் மட்டுமே.

இடத்துக்கு இடம்

ஃபாலன் லீஃப் என்ற பெயர் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஏரியுடையது. மூன்று மைல் நீளம், பனிப்பாறை குடைந்த பள்ளம், டாஹோவைவிடக் கூட்டம் மிகக் குறைவு. முகாமிலிருந்து நடந்தே போய்விடலாம். டாஹோ மணற்கரைகளுக்கு சைக்கிள் பாதை பக்கத்திலேயே. டாலக் மலை ஏற விரும்புகிறவர்களுக்கும் மூன்றில் இதுதான் கிட்டே. அக்டோபர் தொடக்கத்தில் டெய்லர் ஓடையில் சிவந்த கோகனீ சால்மன்கள் முட்டையிட ஏறி வருவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். குறை என்றால் கரடி. கரடி இல்லாத முகாம் டாஹோவில் எதுவும் இல்லை, ஆனால் இந்த ஓடைப்பகுதி அவற்றுக்குப் பிடித்த சாப்பாட்டுக் கூடம். கருவாடு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். மளிகை, பற்பசை, நாய்த்தீனி எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். டிரெய்லர் கதவு கரடிக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஷுகர் பைன் அமைதி. 89-ஆம் சாலையைக் கடந்துதான் ஏரிக்குப் போக வேண்டும், ஆனால் போனால் தோணித்துறையும் பழைய மாளிகையும் அகலமான புல்வெளியும் கிடைக்கும். 1960 குளிர்கால ஒலிம்பிக்கில் சமதளப் பனிச்சறுக்குப் போட்டி நடந்த பாதைகள் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. பெரிய கடைகள் தூரம். பால் தீர்ந்தால் பக்கத்து ஊரான டஹோமாவின் சின்னக் கடைதான்.

ஸெஃபிர் கோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெடுஞ்சாலைக்கு மேலே முகாம், கீழே மணற்கரை, எம்.எஸ். டிக்ஸி II என்ற சுற்றுலாக் கப்பல் அங்கிருந்தே கிளம்பும். லாரிச் சத்தம் இரவிலும் கேட்கும், கோடை வார இறுதியில் வாடகை மற்ற இரண்டில் கேட்பதைவிட எளிதாக இரு மடங்கு ஆகும். ஆனால் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், நடுராத்திரி இருட்டில் பொதுக் கழிவறைக்கு அனுப்ப முடியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் இடம். தூங்கும்போது மூச்சுக்கருவி மாட்டிக்கொள்ளும் பெரியவர்களுக்கும் அப்படியே. பெரும்பாலான முகாம்கள் மூடிய பிறகு போவதானாலும் இதைப் பார்க்கலாம், ஆண்டு முழுதும் திறந்திருக்கும். கழிவறைத் தொட்டியின் வால்வை மட்டும் தொட்டி நிரம்பும்வரை மூடியே வைத்திருங்கள். திறந்தே விட்டால் திரவம் ஓடித் திடம் உள்ளே காய்ந்துவிடும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் காட்டுத்தீயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் கடைசியில் கால்டர் தீ நெருங்கியபோது சவுத் லேக் டாஹோ ஊரே காலி செய்யப்பட்டது, 50-ஆம் சாலையின் மேற்குப் பக்கம் மூடப்பட்டு, எல்லோரும் நெவாடாப் பக்கம் வரிசையில் ஊர்ந்தார்கள். அந்த மாதிரி நாளில் ஸெஃபிர் கோவில் இருப்பவர் ஏற்கெனவே வெளியேறும் திசையில் நிற்கிறார். ஃபாலன் லீஃபில் இருப்பவர் ஊர் நெரிசல் முழுவதையும் தாண்ட வேண்டும். டிரெய்லரை முன்முகமாக வெளியே பார்த்தபடி நிறுத்துவதும் வண்டியில் பாதி டாங்குக்குக் குறையாமல் எரிபொருள் வைத்திருப்பதும் அந்தப் பருவத்தில் நல்ல பழக்கம்.

22 அடிக்குள் டிரெய்லர், ஐந்தாயிரம் பவுண்டு இழுக்கும் வண்டி, லித்தியம் பேட்டரி, நடக்க முடிகிற குடும்பம் என்றால் என் ஓட்டு ஃபாலன் லீஃபுக்கு, ஜூன் கடைசி அல்லது செப்டம்பர் நடுவில். அங்கே இடம் கிடைக்காவிட்டால் ஷுகர் பைன். இரண்டுக்கும் முன்பதிவு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு முன்னால் காலையில் திறக்கும், கோடை வார இறுதிகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை கேட்டுப் பாருங்கள், அல்லது கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ரத்தாகும் இடங்களுக்குக் கண் வைத்திருங்கள். பதிவு செய்யும் முன் அந்த வருடம் முகாம் திறந்திருக்கிறதா, தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.