வையாபுரிப்பிள்ளையா, ஜி.என். இராமச்சந்திரனா?

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களில் பெரியவர் யார் என்று பேச்செடுத்தால், நோபல் கிடைக்காமல் போன கதையோடு ஜி.என். இராமச்சந்திரன்தான் முதலில் வருவார். எஸ். வையாபுரிப்பிள்ளையைத் தமிழ் படித்தவர்கள் தவிர யாரும் நினைப்பதில்லை. விருதுக் கணக்கை விடுங்கள். மறுப்பு வந்தபோது அவரவர் வேலை என்ன ஆனது என்று பார்த்தால்தான் சுவாரசியம்.

இராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் துறைக்கு வந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம், கயிறு திரித்ததுபோல மூன்று இழைகளால் ஆனது என்று 1954-55-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எழுதினார். மூன்று இழை சரி, ஆனால் உங்கள் மாதிரியில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன என்றார்கள் எதிர்த்தரப்பில். டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட கிரிக்கும், அவரோடு கொலாஜனில் வேலை செய்த ரிச்சும் அந்தப் பக்கம்தான். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று இராமச்சந்திரன் அதுவரை தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசினார். இராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963-இல் வெளியிட்ட வரைபடம் அதன் விளைச்சல். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. ஒன்றின் கோணம் கிடையாக, இன்னொன்றின் கோணம் செங்குத்தாக, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு புள்ளி. கட்டத்தின் பெரும்பகுதி அணுக்கள் இடித்துக்கொள்ளும் இடம் என்பதால் காலியாகவே கிடக்கும், புள்ளிகள் சில திட்டுகளில் மட்டும் குவியும். இன்றும் ஒருவர் புதிய புரத அமைப்பைக் கொண்டுவந்தால், எத்தனை புள்ளி திட்டுக்கு வெளியே விழுகிறது என்றுதான் கேட்பார்கள்.

வையாபுரிப்பிள்ளை வக்கீலாக இருந்து வந்தவர். 1926-இல் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியர் பொறுப்பு. வேலையைத் தொடங்கியவர் அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர், அதை மறக்கக் கூடாது. ஆனால் 1936-இல் ஆறு தொகுதிகளாக முடித்துக் கொடுத்தவர் இவர். ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், கீழே எந்த நூலில் வருகிறது என்ற சான்று. மறுப்பு இங்கேயும் வந்தது. சொற்பிறப்புகளைத் தேவையில்லாமல் வடமொழிப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்று தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார். அப்புறம் 1974-இல் அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். இராமச்சந்திரன் தன் மறுப்புக்குத் தானே பதில் கண்டார். லெக்சிகனுக்கான பதிலோ இன்னொருவர் கையால், இன்னொரு அகராதியாக வந்தது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

உலக அளவு என்றால் இராமச்சந்திரன், சந்தேகமில்லை. வரைபடமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கொலாஜனை இங்கே விட்டிருந்தால் வேறு ஊரில் யாராவது பிடித்திருப்பார்கள். ரிச்சும் கிரிக்கும் கிட்டத்தட்ட வாசலில் நின்றார்கள். லெக்சிகனுக்கு அப்படி வரிசையில் யாரும் நிற்கவில்லை. தமிழில் எழுதும் எனக்கு வாரத்தில் நாலு நாள் அதைத் திறக்காமல் முடியாது. தேடிய சொல் கிடைத்ததும் மூடிவிடுகிறேன், முகப்பில் பதிப்பாசிரியர் பெயரைப் பார்ப்பதேயில்லை.