ஜிமேட் ஸ்டார்டர் கிட்: இரண்டு மாக் டெஸ்டை எப்போது எழுதுவது?

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பே தன் எம்பிஏ டாட் காம் தளத்தில் இந்த ஸ்டார்டர் கிட்டை இலவசமாகத் தருகிறது. இதன் உயிரே அதிலிருக்கும் இரண்டு முழு நீள மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வுகள்தான். எந்த கோர்ஸில் சேர்ந்தாலும் இவை இரண்டுக்கும் ஈடு கிடையாது. ஆர்வக்கோளாறில் முதல் மாதத்திலேயே இரண்டையும் எழுதித் தீர்த்துவிட்டால், பிறகு எங்கே நிற்கிறோம் என்று அளக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

அசல் தேர்வின் அமைப்பு அப்படியே இருக்கிறது. குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (ஆங்கிலம்) 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். நாம் எழுதும் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியின் கடினம் மாறும். மதிப்பெண் 205 முதல் 805 வரை. மற்ற நிறுவனங்களின் மாக் டெஸ்ட் கைப்பழக்கத்துக்கு நல்லது. ஆனால் அந்த மதிப்பெண்ணை நம்பித் தேர்வுத் தேதியை முடிவு செய்ய வேண்டாம்.

12 வாரத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். வேலை நாளில் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம், வார இறுதியில் 4 மணி நேரம். வாரத்துக்கு 10, மொத்தம் 120 மணி நேரம். முதல் நாளே மாக் எழுதச் சொல்பவர்கள் உண்டு. கணக்கை விட்டு வருடக்கணக்கானவர்களுக்கு அது சரிப்படாது. எவ்வளவு மறந்துவிட்டோம் என்பது மட்டும்தான் தெரியவரும். இரண்டு வாரம் அடிப்படையைத் தூசி தட்டிவிட்டு முதல் மாக்கை எழுதுங்கள். இரண்டாவதைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வையுங்கள். மதிப்பெண் குறைந்தால் தேதியைத் தள்ளிப்போட அவகாசம் இருக்கும். ஒருமுறை எழுதிவிட்டு மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தேதியைப் பிடிக்க வேண்டும்.

மாக் எழுத இடைவேளை நீங்கலாக 2 மணி 15 நிமிடம். அதை அலச 5 மணி நேரம் ஒதுக்குங்கள். பலருடைய திட்டம் இங்கேதான் படுத்துவிடுகிறது. கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று கேட்பது டேட்டா சஃபிஷியன்சி. அதில் ஒரு கேள்வி: 'அந்த எண் என்ன?' கூற்று 1: அதன் வர்க்கம் 16. கூற்று 2: அது நேர்ம எண். கூற்று 1 மட்டுமே போதும் என்று தேர்ந்தெடுத்தவர் மைனஸ் 4-ஐ மறந்திருக்கிறார். பிழை நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. 'மைனஸ் மதிப்பைச் சோதிக்கவில்லை' என்று எழுதினால்தான் அடுத்த வாரம் எதைப் பயிற்சி செய்வது என்பது புரியும்.

நேரக் கணக்கையும் மாக்கிலேயே பழக வேண்டும். குவான்ட்டில் 7 கேள்விக்கு 15 நிமிடம். 7 முடியும்போது 30 நிமிடமும், 14 முடியும்போது 15 நிமிடமும் மிச்சம் இருக்க வேண்டும். விடை தராமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பிப் பார்க்கலாம். மூன்று விடைகளை மட்டுமே மாற்றலாம். அதனால் ஒரு கேள்வி மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஊகித்து விடையைப் போட்டு, புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். கடைசியில் கேள்விகளை விட்டுவைத்தால் மதிப்பெண் பலமாக அடிவாங்கும்.

குறைகளும் உண்டு. கிட்டில் உள்ள 70 பயிற்சிக் கேள்விகள் திரையைப் பழக மட்டுமே போதும். மாக்கை ரீசெட் செய்து மறுபடி எழுதலாம். ஆனால் பார்த்த கேள்விகளே திரும்ப வந்தால் மதிப்பெண் வீங்கிக் காட்டும்.

கூடவே பழைய புத்தகங்களை வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் சென்டென்ஸ் கரெக்‌ஷன், ஜியோமெட்ரி, கட்டுரை மூன்றும் இல்லை. அந்த அத்தியாயங்களை விட்டுவிடலாம். குவான்ட் பகுதியில் அச்சாகியிருக்கும் டேட்டா சஃபிஷியன்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இப்போது டேட்டா இன்சைட்ஸில் வருகிறது.