எக்செல் ஃபார்மில் ௐ வராது என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

மொரிஷியஸில் கோவில் சங்கக் கணக்கு பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். தைப்பூசக் காவடிப் பதிவுக்கும் காணிக்கை ரசீதுக்கும் எக்செலில் ஒரு மேக்ரோ ஃபார்ம் (தானாக வேலை செய்யும் கட்டளைகள் எழுதிய பதிவுப் படிவம்) செய்து தரச் சொல்லி, ரோஸ் ஹில் பக்கம் ஒருவரிடம் முன்பணம் கொடுத்தோம்.

அவர் கொண்டுவந்த ஃபார்மில் பிரெஞ்சுப் பெயர்கள், உச்சிக்கோடு போட்ட எழுத்தோடு, சுத்தமாகத் தெரிந்தன. ஆனால் ௐ, சுவாமி பெயர், பணம் வந்ததற்கான ✓ எல்லாம் வெறும் கேள்விக்குறி. எக்செல் ஃபார்முக்குத் தமிழே ஏறாது, தனியாக 'தமிழ் பேக்' போடவேண்டும் என்று இன்னும் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவர் போட்டது பழைய காலத்து எழுத்துரு ஒன்று. அலுவலகக் கணினியில் தமிழாகத் தெரிந்தது, அந்த எழுத்துரு இல்லாத செயலாளர் வீட்டுக் கணினியில் திறந்தால் அத்தனை பக்தர்களின் பெயரும் ஆங்கில எழுத்துக் குப்பை. வேண்டுதலோடு வந்து பதிந்த ஜனங்களின் பெயர் அது. வயிறு எரிகிறது.

உண்மை இதுதான். மேக்ரோ எழுதும் ஜன்னல் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை) அறியாது; விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பை நம்பியிருக்கிறது. மேற்கு ஐரோப்பியத் தொகுப்பில் பிரெஞ்சு எழுத்து உண்டு, தமிழ் இல்லை. அதனால்தான் அங்கே ஒட்டிய ௐ கேள்விக்குறியாகிறது. ஃபார்மில் எழுத்தைக் காட்டும் இடமான லேபிளுக்கோ யூனிகோடு தாராளமாக வரும். சிஎச்ஆர்டபிள்யூ (ChrW) என்ற கட்டளைக்குள் எழுத்தின் யூனிகோடு எண்ணான 3024 கொடுத்தால் ௐ, 10003 கொடுத்தால் ✓. எழுத்துருவை நிர்மலா யூஐ என்று வைத்தால் தமிழ் ஒழுங்காக நிற்கும். ✓ குறிக்கு சீகோ யூஐ சிம்பல். இதைவிடச் சுலபம், ஷீட்டின் ஒரு கட்டத்தில் தமிழைத் தட்டி வைத்துவிட்டு லேபிள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதுவது. ஃபார்மின் தலைப்புப் பட்டையும் மெசேஜ் பாக்ஸும் மட்டும் அடம்பிடிக்கும், சரி, சுவாமி பெயரை அங்கே போடாமல் உள்ளே லேபிளில் போடலாம். இதற்கெல்லாம் எந்த பேக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அப்புறம், மேக்ரோவைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார். கேட்டால் மீதிப் பணம் என்கிறார். வேலை கொடுக்கும்போதே கடவுச்சொல்லை எழுதி வாங்குங்கள். முழுப்பணம் தருவதற்கு முன் அவர் கைபடாத வேறொரு கணினியில் ஃபார்மைத் திறந்து, பக்தர் பெயரைத் தமிழில் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.