ஆறு சம்பா, ஆறு தக்கைப்பூண்டு

மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். 2019 முதல் ஆறு வருடம், ஒவ்வொரு சம்பா நெல்லுக்கும் முன்னால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, வளர்ந்ததும் மண்ணோடு மடக்கி உழுதேன்.

ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஆனிக் கடைசியில் தெளித்து, ஆவணி முதல் வாரத்தில் மடக்க வேண்டும். இன்னொரு பசுந்தாள் செடியான சணப்பைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. தக்கைப்பூண்டு தேக்கத்தையும் கொஞ்சம் உப்பையும் தாங்கும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் எங்கள் களிமண்ணுக்கு அதுதான் சரி. ஒரே தொல்லை ஆடுகள். ஆடு மாடு கடிக்காது என்பதால் மேட்டு மூலையில் கொளுஞ்சி என்ற பசுந்தாள் செடியைப் போட்டுப் பார்த்தேன். விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுத் தெளிக்க வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை, பாதிகூட முளைக்கவில்லை.

முதல் வருடம் தக்கைப்பூண்டையும் மடக்கினேன், வழக்கமான இரண்டரை மூட்டை யூரியாவையும் போட்டேன். பயிர் கரும்பச்சையாக நின்றதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. மார்கழி மழையில் அப்படியே சாய்ந்துவிட்டது.

அடுத்த வருடம் இன்னும் மோசம். 45 நாளில் வர வேண்டிய டிராக்டர் 70 நாளில் வந்தது. அதற்குள் தண்டு விறகாகிவிட்டது. கலப்பையில் சிக்கிச் சிக்கி, ஆளை விட்டு வெட்டிப் போட்டுத்தான் உழுதோம். முற்றிய தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். போதாததற்கு நாள் ஓடுகிறதே என்று மட்க விடாமல் உழுத நாலாம் நாளே நட்டேன். நாற்று மூன்று வாரம் மஞ்சளாகவே நின்றது. அந்த வருடம் யூரியா மிச்சமும் இல்லை, டிராக்டர் கூலியும் கூடுதல்.

அப்புறம் நாள் கணக்கை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்கப் பழகினேன். முப்பதாம் நாள் ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். முதல் பூ கண்ணில் பட்டதுமே தண்ணீர் கட்டி, டிராக்டரில் பூட்டிய ரோட்டவேட்டரை ஓட்டி மடக்கிவிடுவேன். பிறகு பத்து நாள் வயலை ஊறவிடுகிறேன். நாற்றம் குடலைப் புரட்டும், வேறு வழியில்லை.

இப்போது யூரியா ஒன்றரை மூட்டை. அதையும் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துத்தான் போடுகிறேன். ஒரேயடியாக நிறுத்தலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளைச்சல் இரண்டு மூட்டை கூடியிருக்கிறது, ஆனால் நடுவில் ரகத்தையும் மாற்றினேன், அதனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல மாட்டேன். மண் விஷயம் வேறு. மூன்று வருடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாலாவது வருடம் நடவுக்கு வந்த அக்கா ஒருவர், "என்ன தம்பி, இந்த வயல்ல விரலே நோகல" என்றார். கோடை வெடிப்பும் முன்பு போல் ஆழமாக விழுவதில்லை.

விதை விலைதான் கடிக்கிறது. அதனால் போன வருடம் வரப்போரம் ஒரு வரிசைச் செடியை விட்டுவைத்து, தையில் நெற்று உடைத்தேன். அரை ஏக்கருக்குத் தேறும்.