சேலத்தில் ட்யூப் ஆம்ப்பை (கண்ணாடி வால்வில் ஓடும் கிடார் ஆம்ப்ளிஃபையரை) சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஆம்ப்பிலிருந்த செலஸ்டியன் (கிடார் ஸ்பீக்கருக்குப் பேர்போன கம்பெனி) ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதன் ஸ்டிக்கரை மட்டும் உரித்து ஏதோ ஒரு மலிவு ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டி, மாட்டிக் கொடுத்து, அதற்கு சர்வீஸ் சார்ஜும் வாங்கிவிட்டார்கள். கடை சேலம் டவுனில்தான் இருக்கிறது. புகார் போகப்போவதால் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் ஆர்க்கெஸ்ட்ராவில் லீட் கிடார். சேலம், நாமக்கல், தர்மபுரி என்று கோயில் விசேஷம், கல்யாண ரிசப்ஷன், சீசனில் ஏற்காடு ரிசார்ட்டுகள், இதுதான் பிழைப்பு. மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர் வைத்திருக்கிறேன், 40 வாட், பவர் பக்கம் இரண்டு இஎல்34 ட்யூப், ஒரே ஒரு 12 இன்ச் செலஸ்டியன் வி-டைப் மாடல் ஸ்பீக்கர். இந்தக் காலத்தில் இருபது கிலோவுக்கு மேல் கனக்கிற ட்யூப் ஆம்ப்பை மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்குக் கிறுக்கு என்றுதான் பேர். மற்றவர்கள் ப்ராசஸரை (ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலாகத் தரும் பெட்டி) நேராக மிக்ஸரில் செருகிவிட்டு ஹாயாக நிற்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஜெனரேட்டர் கரண்டில் ஓடும் மேடைகளில் அதுதான் நிம்மதியும்கூட. எனக்கு வேண்டியது வேறு. பல்லவிக்குப் பின்னால் லேசாக வருடும்போது சுத்தமாகவும், அதே செட்டிங்கில் இன்டர்லூடுக்கு அழுத்தி வாசித்தால் கரகரவென்று உடைந்தும் வரவேண்டும், காலால் எதையும் மிதிக்காமல். பவர் ட்யூப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து உழைத்தால்தான் அது கைக்குக் கிடைக்கிறது. லீடுக்கு மட்டும் முன்னால் ஒரு டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர் பெடல், டிரைவ் (கரகரப்பின் அளவு) ஏறக்குறைய பூஜ்யம், லெவல் முக்கால்வாசிக்கு மேல். அது அடிபாஸைக் குறைத்து 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்ஸை, அதாவது நடு அலைவரிசையை, தூக்கிக் கொடுக்கும், கீபோர்டு அத்தனையையும் அடைத்துக்கொண்டு நிற்கும் மேடையில் கிடார் மூச்சுவிடக் கிடைக்கிற சந்து அதுதான்.

ஆனி மாதம் ஒத்திகையில் ஒரு இஎல்34க்குள் தகடு செக்கச்செவேலென்று பழுத்தது. உடனே அணைத்துவிட்டேன். ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, கோட்டை மாரியம்மனில் ஆரம்பித்து தெருத்தெருவாக அம்மன் கோயில் மேடைகள்தான். சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் போட்டால் எப்போது திரும்பி வருமோ என்று உள்ளூரிலேயே கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் முன், பின், உள்ளே என்று போட்டோ எடுத்துவிட்டுக் கொடுப்பது என் வழக்கம், இதற்கும் எடுத்தேன்.

திரும்ப வாங்கும்போது கடைக்காரர் வால்யூமை ஒன்றுக்கு மேல் வைக்கவிடவில்லை. "தம்பி, பக்கத்துல எல்லாம் கடைங்க, சத்தம் போட்டா சண்டைக்கு வருவாங்க" என்றார். அந்தச் சத்தத்தில் எந்த ஸ்பீக்கரும் ஒரே மாதிரிதான் இருக்கும். பின்பக்கத் திறப்பு வழியாகப் பார்த்தால் செலஸ்டியன் ஸ்டிக்கர் தெரிகிறது. மேட்ச்டு பேர் (அளவு ஒத்துப்போகிற ஜோடி) இஎல்34 புதுசு, பயாஸ் (ட்யூப்பில் ஓடும் கரண்ட்டின் அளவு) செட் பண்ணியாச்சு என்று சொல்லி 9,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் "ஆம்ப் சர்வீஸ்" என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கோயில் மேடையில்தான் குட்டு உடைந்தது. டிஎஸ்9ஐ மிதிக்கிறேன், லீடு மேலே ஏறவே இல்லை. பிரசன்ஸ், ட்ரெபிள் எல்லாம் திருகிப் பார்த்தாயிற்று. எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் கோனின் நடுவுக்கு நகர்த்தினால் வறட்டுச் சத்தம், விளிம்புக்கு நகர்த்தினால் சத்தமே இல்லை. சவுண்ட் போடுகிற அண்ணன் மிக்ஸரிலிருந்தே கத்துகிறார், "தம்பி, கிடார் போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு!" கடைசி நாலு பாட்டுக்குக் கீபோர்டுக்காரர்தான் என் இன்டர்லூடையும் சேர்த்து வாசித்துக் காப்பாற்றினார்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். இந்த மாடலில் ஸ்பீக்கர் 16 ஓம், அதன் வயர் பின்பக்கம் ஜாக்கில் செருகியிருக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு அந்த ஜாக்கைப் பிடுங்கி, அதன் முனையிலும் உலோக உடம்பிலும் மீட்டரை வைத்தால் 12, 13 ஓம் பக்கம் காட்டவேண்டும் (டிசி ரெசிஸ்டன்ஸ் எப்போதும் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்). எனக்கு ஆறு சொச்சம் காட்டியது. அதாவது 8 ஓம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு, கீழே ஃபெவிக்விக் வழிந்து காய்ந்திருக்கிறது. அதில் 16 ஓம் என்றே அச்சடித்திருக்கிறது, ஸ்டிக்கர் ஒரிஜினல் அல்லவா! மாட்டியிருந்தது சவுண்ட் பாக்ஸுக்குப் போடுகிற பாஸ் ஸ்பீக்கர் ரகம். கிடார் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்குக் கொடுக்கிற சத்தத்தை அது கொடுக்காது, கிடாருக்கு உயிரான அந்த மேல் மிட்ஸும் அதில் கிடையாது. 16 ஓம் எதிர்பார்க்கிற இடத்தில் 8 ஓம் மாட்டினால் ஃபுல் சத்தத்தில் பவர் ட்யூப்களுக்குப் பாரமும் கூடும். ட்யூப்களையும் பார்த்தேன். ஒன்றில் அச்சு பளிச்சென்று இருக்கிறது, இன்னொன்றில் பெயரைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். மேட்ச்டு பேராம்.

கடைக்குப் போனால் முதலில் "அப்படியேதான் இருந்துச்சு தம்பி." போட்டோவைக் காட்டியதும் பேச்சு மாறியது. "கோன் கிழிஞ்சிருந்துச்சு, உங்க நல்லதுக்குத்தான் மாத்தினோம். ஏற்காட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்கல்ல, 20 கொண்டை ஊசி வளைவுல ஆடி ஆடிப் போயிருக்கும்." அப்படியென்றால் பழைய ஸ்பீக்கரைக் கொடுங்கள் அண்ணா என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். ஸ்டிக்கரை ஏன் உரித்து ஒட்டினீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. அப்புறம் குரலை இறக்கி, "இதெல்லாம் யாரு தம்பி இப்ப தூக்கறாங்க, ப்ராசஸர் ஒண்ணு வாங்கிக்கங்க, இந்த ஆம்ப்பை நானே ஒரு விலைக்கு எடுத்துக்கறேன்" என்றாரே பார்க்கலாம், அங்கேதான் எனக்கு உச்சி மண்டை சூடேறியது. ரொம்ப நேரம் கத்திய பிறகு 3,000 ரூபாய் திரும்பக் கொடுத்தார். ஸ்பீக்கர் வரவில்லை.

ஆகவே உள்ளூரில் கொடுப்பதானால் கொடுப்பதற்கு முன் ஸ்பீக்கர் ஓமை மல்டிமீட்டரில் பார்த்து, மீட்டரோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஸ்பீக்கரின் ஃப்ரேமிலேயே ஒரு அடையாளம் போடுங்கள். பார்த்து முடித்ததும் ஜாக்கைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் ஸ்விட்ச் போடவேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். சேஸிஸை (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை) மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற வோல்டேஜ் நிற்கும். மாற்றிய பழைய பொருளைக் கையில் கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சத்தமாக வாசித்துப் பார்க்கவிடாத கடையில் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். துண்டுச்சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் பத்திரமாக இருக்கின்றன. இந்த ஆடியை நண்பனின் ப்ராசஸரை வைத்து ஓட்டுகிறேன், சவுண்ட் அண்ணனுக்கு ஏக சந்தோஷம், எனக்குத்தான் வாசிக்கவே பிடிக்கவில்லை.

சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் யாராவது உங்களிடம் ஸ்டிக்கர் இல்லாத 12 இன்ச் செலஸ்டியன் வி-டைப்பை, மீட்டரில் 12, 13 ஓம் காட்டுகிற ஒன்றை, விற்க வந்தால் காந்தத்தின் முதுகில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கிறதா, ஃப்ரேமின் உள்விளிம்பில் நான் ஆணியால் கீறிய சின்ன வேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்காமல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.